குரலும் ஓர் அமானிதமே!

 

மீலாது மேடையாகட்டும், மத்ரஸாவின் ஆண்டு விழாவாகட்டும், மணவீட்டுப் பைத்தாகட்டும், ஒலிபெருக்கியின் முன்னே ஒரு சிறுவன் வந்து நின்று பாடத் தொடங்கியதும் நாம் அனைவரும் அவன் முகத்தையே பார்க்கிறோம். அடுத்த முறை சற்றுக் கீழே, அவன் கழுத்தைப் பாருங்கள். பாட்டு உச்சத்தை நெருங்க நெருங்க முகவாய் வானை நோக்கி எழும்புகிறது. கழுத்து நரம்புகள் கயிறுபோலப் புடைக்கின்றன. தோள்கள் காதுவரை ஏறிவிடுகின்றன. எப்படியோ அந்த உச்சத்தை அவன் எட்டிப் பிடித்துவிடுகிறான். கூட்டமும் 'மாஷா அல்லாஹ்' என்று மகிழ்கிறது. ஆனால் மறுநாள் காலையில் அச்சிறுவனின் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்டறிந்தவர் நம்மில் எத்தனை பேர்?

உயர்ந்த ஸ்தாயியில் பாடுவதுதான் சிறந்த பாட்டு என்னும் எண்ணம் தமிழ் முஸ்லிம்களாகிய நம்மிடையே ஆழ வேரூன்றிவிட்டது. அதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. 2015ஆம் ஆண்டில் மறைந்த நாகூர் இ.எம். ஹனிபா அவர்களின் கணீரென்ற குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவருடைய பாடல்களை அவர் பாடிய அதே உயரத்தில் பாடினால்தான் பாட்டாகும் என்று நம் பிள்ளைகள் கருதுகிறார்கள். பெற்றோரும் அவ்வாறே கருதுகிறார்கள். அவருடைய குரல் அவருக்கு அருளப்பட்டது. அதை இரவல் வாங்க முயலும் இளந்தொண்டைகள் படும் பாட்டைத்தான் ஆண்டுதோறும் கண்டு வருகிறோம்.

குரலை உயர்த்த விரும்புவது தவறன்று. முறையறிந்து, பொறுமையுடன் பழகினால் எவருடைய குரலும் மேலே சில படிகளும் கீழே ஓரிரு படிகளும் விரியவே செய்யும். பாடுவோர்க்கும், கிராஅத் ஓதுவோர்க்கும், பாங்கு சொல்வோர்க்கும், நாள் முழுதும் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தே தொண்டை வறண்டுபோகும் என் போன்ற உஸ்தாதுகளுக்கும் பயன்படக்கூடிய அம்முறையைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

குரல்வளைக்குள் நடப்பது என்ன?

மருத்துவ மேதை இப்னு சீனா (980–1037) அரபு எழுத்துகளின் ஒலிகள் பிறக்கும் காரணங்களைப் பற்றித் தனியே ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார். குரல்வளையின் அமைப்பையும் நாவின் அமைப்பையும் விளக்குவதற்கென்றே அதில் ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். மக்ரஜ் கற்பிக்கும் மத்ரஸாக்களுக்கு அந்நூல் ஒரு பெருமை எனலாம்.

ஆயினும், உயிரோடிருக்கும் மனிதரின் குரல்வளை பாடும்போது எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்ணால் காணப் பிற்காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்பெயின் நாட்டு மரபில் வந்த மானுவேல் கார்சியா என்னும் பாட்டாசிரியர் 1854ஆம் ஆண்டில், பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் செலுத்தி, மற்றொரு கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மீது பாய்ச்சித் தம்முடைய குரல் நாண்களைத் தாமே கண்டார். மறு ஆண்டே அச்செய்தி லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. தொண்டை மருத்துவத்துக்கு வாயிலைத் திறந்து வைத்தவர் ஒரு பாட்டு வாத்தியார் என்பது வியப்பான செய்தியன்றோ! அவர் 101 வயது வரை வாழ்ந்து 1906இல் மறைந்தார்.

அவர் கண்ட அந்த நாண்கள் மிகச் சிறியவை. வளர்ந்த ஆடவருக்கு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நீளம்தான். பெண்களுக்கு அதனினும் குறைவு. நுரையீரலிலிருந்து வரும் காற்று இவ்விரு மடிப்புகளையும் அதிரச் செய்கிறது. ஆடவர் இயல்பாகப் பேசும்போது விநாடிக்கு 100 முறைக்குச் சற்று மேலாகவும், பெண்கள் பேசும்போது ஏறத்தாழ 200 முறையும் அவை ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. ஒரு ஸ்தாயி மேலே ஏறினால் இந்த எண்ணிக்கை இரு மடங்காகும்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 400 முறை அதிரும் உயரத்தில் ஒரு சிறுவன் பாடினால் ஒரு நிமிடத்தில் 24,000 மோதல்கள்! அதே உயரத்தில் மொத்தம் பத்து நிமிடம் குரலை நிறுத்தினால் 2,40,000 மோதல்கள்! மெல்லிய ஈரத் தோல் போர்த்த இரு மடிப்புகள் இத்தனை முறை மோதுகின்றன. மென்மையாக மோதினால் தாங்கும். அழுத்தி, இறுக்கி, உரத்து மோதினால்? மண்வெட்டி பிடிப்பவரின் உள்ளங்கையில் காய்ப்பு விழுவதைப் போல அந்த மடிப்புகளிலும் காய்ப்பு விழும். அதைத்தான் மருத்துவர்கள் குரல் நாண் முடிச்சு என்கிறார்கள்.

சத்தம் வேறு, சுருதி வேறு

குரல் உயர வேண்டுமானால் நாண்கள் நீண்டு, மெலிந்து, விறைப்பாக வேண்டும். அவற்றை இழுத்து நீட்டுவது குரல்வளையிலேயே உள்ள ஒரு சிறு தசை. புடைத்துக்கொண்டு நிற்கும் கழுத்துத் தசைகளுக்கு அந்த வேலையில் பங்கே இல்லை. அவை இறுகுவதால் குரல்வளை மேலே தூக்கப்பட்டு நெரிக்கப்படுகிறதே தவிர, குரல் ஓர் அணுவும் உயர்வதில்லை.

நம்மில் பலர் செய்யும் பெரும் பிழை, சத்தத்தையும் சுருதியையும் ஒன்றென்று எண்ணுவதுதான். மேலே போக வேண்டும் என்றவுடன் காற்றை வேகமாகத் தள்ளிக் கத்துகிறோம். கத்துவதால் சத்தம் கூடும். சுருதி வேறு வழியில் ஏற வேண்டும். உயர்ந்த ஒலியை மெல்லிய சத்தத்தில் எழுப்ப இயலுமானால்தான் அந்த ஒலி உங்களுக்குச் சொந்தம். கத்தினால் மட்டுமே எட்டும் ஒலி உங்களுடையதன்று. இந்த ஒன்றை மட்டும் உங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் இக்கட்டுரையின் பாதிப் பயன் கிட்டிவிடும்.

குர்துபாவின் ஆசிரியர்

குரல் பயிற்சி நமக்குப் புதியதன்று. பக்தாதிலிருந்து புறப்பட்டு 822ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவை வந்தடைந்த ஸிர்யாப் என்னும் கலைஞர் தம் மாணவர்களை எவ்வாறு சோதித்தார் என்பதைப் பதினேழாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்மக்கரீ பதிவு செய்திருக்கிறார். மாணவனை மெத்தை மீது அமரச் செய்து குரலெழுப்பச் சொல்வார். குரல் மெலிந்து ஒலித்தால் இடுப்பைச் சுற்றித் தலைப்பாகைத் துணியைக் கட்டிக்கொண்டு ஓசை எழுப்பச் சொல்வார். வாயைத் திறக்கத் தயங்கிப் பல்லைக் கடிப்பவனாயின், தாடை விரியும்வரை சில இரவுகள் சிறு மரத்துண்டை வாயில் வைத்திருக்கப் பணிப்பார்.

மரத்துண்டை நாம் இன்று பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் அவர் எதையெதைக் கவனித்தார் என்பதை நோக்குங்கள். இடுப்பும் விலாவும் சேர்ந்து காற்றைத் தாங்குகின்றனவா? தாடை தளர்ந்து வாய் திறக்கிறதா? ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் குரலாசிரியர்கள் முதலில் பார்ப்பவை இவையே.

பயிற்சிக்கு முன் மூன்று நிபந்தனைகள்

முதலாவது, சளி, இருமல், காய்ச்சல், தொண்டைக் கம்மல் இருக்கும் நாளில் பயிற்சி கூடாது. வீங்கியிருக்கும் நாண்களை நீட்ட முயல்வது சுளுக்கிய காலோடு ஓடுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, ஒரு வேளைக்குப் பத்து அல்லது பதினைந்து நிமிடங்களே போதும். வாரம் ஒரு முறை இரண்டு மணி நேரம் பாடுவதைவிட நாள்தோறும் பத்து நிமிடம் பழகுவது மேல்.

மூன்றாவது, வலி, கூச்சம், எரிச்சல், இருமத் தோன்றும் உணர்வு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். 'வலியில்லாமல் வித்தை வராது' என்னும் பேச்சு குரலுக்குப் பொருந்தாது.

இப்பயிற்சிகளுக்கு எந்த இசைக்கருவியும் கட்டாயமில்லை. சுருதி தெரிந்துகொள்ள விரும்புவோர்க்கு ஆர்மோனியமோ கைபேசியிலுள்ள சுருதிப்பெட்டியோ உதவும். இல்லையேல் உங்கள் செவியே போதும்.

ஏழு படிகள்

1. மூச்சு. நிமிர்ந்து நின்று இரு கைகளையும் கீழ் விலாவில் வையுங்கள். தோள்கள் உயராமல், கைகள் இரு புறமும் விலகும்படி நான்கு எண்ணும்வரை மூச்சை இழுங்கள். பிறகு பாம்பு சீறுவதைப் போல 'ஸ்ஸ்' என்று ஒரே சீராக விடுங்கள். பத்து எண்ணிக்கையில் தொடங்கி, நாளடைவில் இருபது வரை கொண்டு செல்லலாம். ஐந்து முறை போதும். தலை சுற்றினால் அமர்ந்துவிடுங்கள்.

2. உதட்டு அதிர்வு. சிறு குழந்தைகள் வாயாலேயே பேருந்து ஓட்டுவார்களே, 'புர்ர்ர்' என்று, அதுவேதான்! உதடுகளைத் தளர்த்திக் காற்றைவிட்டு அதிரச் செய்து, அதனோடு குரலையும் சேர்த்து, கீழிருந்து மேலாகவும் மேலிருந்து கீழாகவும் வழுக்கிச் செல்லுங்கள். உதடு அதிராமல் நின்றுவிட்டால் காற்றை மிகையாகத் தள்ளுகிறீர்கள் அல்லது உதட்டை இறுக்குகிறீர்கள் என்று பொருள். பெரியவர்களுக்கு வெட்கமாயிருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள்.

3. நீர்க்குமிழி. ஒரு குவளையில் பாதியளவு நீர் ஊற்றி, இளநீர்க் கடையில் தரும் ஸ்ட்ராவை அதில் இரண்டு விரற்கடை ஆழம் அமிழ்த்துங்கள். குமிழிகள் எழும்படி அதன் வழியே 'ஊ' என்று குரல் கொடுங்கள். பின் அந்த ஒலியை மெல்ல ஏற்றி இறக்குங்கள். விளையாட்டுப் போலத் தோன்றும் இது உலகெங்கும் குரல் சிகிச்சையில் இடம்பெற்றுவிட்ட பயிற்சி. ஃபின்லாந்து நாட்டில் 1960களில் அன்ட்டி சோவியார்வி என்பவர் கண்ணாடிக் குழாயைக் கொண்டு இம்முறையை வளர்த்தார். அமெரிக்க அறிஞர் இங்கோ டிட்சே உறிஞ்சுகுழல் பயிற்சி ஏன் பயன் தருகிறது என்பதை ஆராய்ந்து விளக்கினார். வெளியேற வழி குறுகலாக இருப்பதால் காற்றின் அழுத்தம் சற்றே பின்னோக்கித் திரும்பி, நாண்கள் ஒன்றையொன்று அறையாமல் மெல்லத் தொட்டுப் பிரியும்படி தாங்கிக்கொள்கிறது. மூன்று நிமிடம் போதும். குவளையை ஒவ்வொருவரும் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

4. முரலுதல். வாயை மூடி, பற்கள் ஒன்றையொன்று தொடாமல் 'ம்ம்ம்' என்று முரலுங்கள். தஜ்வீது பயின்றவர்களுக்கு மீமிலும் நூனிலும் குன்னா செய்து பழக்கம் உண்டு. அந்த ஒலியைத்தான் இங்கே நீட்டுகிறோம். மூக்குத் தண்டிலும் உதட்டிலும் மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும். அதிர்வு தொண்டையில் மட்டும் தெரிந்தால் குரல் இறுகியிருக்கிறது என்று அறிந்து, கொட்டாவி விடுவதுபோல் தொண்டையைத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

5. வழுக்கு ஒலி. மெல்லிய 'ஊ' ஒலியில் உங்கள் இயல்பான கீழ் ஒலியிலிருந்து மேல்நோக்கி, இடையில் எங்கும் நிற்காமல், தூரத்து ஆலைச் சங்கு ஊதுவதைப் போல ஏறி இறங்குங்கள். நடுவழியில் ஓரிடத்தில் குரல் சட்டென்று உடைந்து வேறு குரலாக மாறும். அஞ்ச வேண்டாம்! நெஞ்சில் அதிரும் தடித்த குரலும் தலையில் அதிரும் மெல்லிய குரலும் கைமாறும் இடம் அது. அவ்விடத்தைக் கத்திக் கடக்க முயலாமல் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு கடந்து பழகுங்கள். சில மாதங்களில் அந்த உடைப்பு சிறுத்துவிடும். குரலின் எல்லை விரிவதன் மறைபொருள் இந்தப் பாலத்தில்தான் இருக்கிறது.

6. ஐந்து சுரம். வசதியான ஒரு சுருதியில் 'ஆ' என்று ச ரி க ம ப ம க ரி ச என ஏறி இறங்குங்கள். பிறகு அரைக்கட்டை உயர்த்தி மீண்டும் அதே வரிசை. இவ்வாறு அரைக்கட்டை அரைக்கட்டையாக உயர்த்திச் செல்லுங்கள். முகவாய் எழும்பத் தொடங்கும் இடம், நரம்பு புடைக்கத் தொடங்கும் இடம், சத்தம் தானாகக் கூடத் தொடங்கும் இடம் ஆகியவற்றுள் எது முதலில் வருகிறதோ அதுவே இன்றைய உங்கள் எல்லை. அங்கிருந்து ஒரு படி இறங்கி வந்து அந்த ஒலியை நன்றாக்குங்கள். எல்லைக்குக் கீழுள்ள படி உறுதியானால் எல்லை தானே நகரும். முகம் பார்க்கும் கண்ணாடியின் முன் நின்று இதைச் செய்வது நல்லது. உங்கள் காது ஏமாந்தாலும் உங்கள் கழுத்து பொய் சொல்லாது.

7. இறங்கி வருதல். பயிற்சி முடிந்ததும் உச்சத்திலிருந்து நேரே உரையாடலுக்குத் தாவாமல், ஓரிரு நிமிடம் மெல்லிய முரலலோடு கீழே இறங்கி வாருங்கள். ஓடியவன் நடந்து, பின் அமர்வதைப் போல.

இவ்வாறு பழகினால் எத்தனை நாளில் எவ்வளவு ஏறும் என்று கேட்பீர்கள். சில மாதங்களில் ஓர் அரைக்கட்டையோ ஒரு கட்டையோ உறுதியாகக் கிடைத்தால் அதுவே நல்ல விளைச்சல் என்பேன். ஒலி எழுப்ப முடிகிற எல்லை வேறு. சொற்களை அழகுற உச்சரித்துப் பாட முடிகிற எல்லை வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

கீழே இறங்குவது

கீழ் ஒலிகளைப் பற்றியும் ஒரு சொல். மந்தர ஸ்தாயி நாண்களின் நீளத்தையும் தடிப்பையும் பொறுத்தது. படைத்தவன் வகுத்த அளவு அது. பயிற்சியால் மேலே விரியும் அளவுக்குக் கீழே விரியாது. கீழே செல்லச் செல்லத் தொண்டையை அமுக்கி உறுமாமல், சத்தத்தைக் குறைத்துக்கொண்டே 'ஓ' என்று தளர்வாக இறங்குங்கள். ஒலி கரகரத்துப் பொரியத் தொடங்கினால் உங்கள் தரை வந்துவிட்டது. அதற்குக் கீழே தோண்ட வேண்டாம்.

மாறாக, கீழ் ஒலிகளை மேலே ஏறுவதற்கான முதற்படியாகப் பயன்படுத்துங்கள். எகிப்து நாட்டுக் காரீ அப்துல் பாஸித் அப்துஸ் ஸமத் (1927–1988) அவர்களின் ஒலிப்பதிவைக் கேட்டிருப்பீர்கள். எவ்வளவு தாழ்வாக, எவ்வளவு அமைதியாகத் தொடங்குகிறார் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? எகிப்தியக் காரீகளின் மரபே அதுதான். பயாத்தீ என்னும் மெட்டில் கரார் எனப்படும் தாழ்ந்த நிலையில் தொடங்கி, படிப்படியாக உயர்ந்து, குரல் நன்கு சூடேறிய பின்னரே ஜவாப் எனப்படும் மேல் ஸ்தாயியை எட்டுகிறார்கள். நம் பிள்ளைகளோ மேடையேறியதும் முதல் வரியிலேயே ஜவாபுக்குத் தாவுகிறார்கள்! மேலே ஏறிய பின் போவதற்கு வேறு இடமின்றித் தவிக்கிறார்கள்.

குரல் உடையும் பருவம்

சென்ற மாதம் ஒரு தாயார் எழுதிய கடிதம் என்னை வெகுவாகப் பாதித்தது. 'என் மகனுக்குப் பதின்மூன்று வயது. மூன்று ஆண்டுகளாக விழாக்களில் பாடிப் பரிசு பெற்றவன். இப்போது மேல் ஸ்தாயி வரவில்லை. குரல் தகரம் போல் உடைகிறது. அவனுடைய வாப்பா இன்னும் கடுமையாகப் பாடிப் பழகச் சொல்கிறார். பிள்ளை அழுகிறான். யாருடைய கண்ணேறோ என்று அஞ்சுகிறேன்' என்று எழுதியிருந்தார்.

அன்புச் சகோதரியே! கண்ணேறுமில்லை, குறையுமில்லை. உங்கள் மகன் வளர்கிறான், அவ்வளவே. ஏறத்தாழப் பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் ஆண் பிள்ளைகளின் குரல்வளை விரைந்து பெரிதாகிறது. நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. புதிதாய்ப் பெரிய செருப்பு அணிந்தவன் தடுக்கி விழுவதைப் போல அவன் குரல் தடுமாறுகிறது. பெண் பிள்ளைகளுக்கும் இம்மாற்றம் உண்டு. மிகச் சிறிதளவே என்பதால் நாம் உணர்வதில்லை.

இந்தப் பருவத்தில் பழைய உயரத்தைப் பிடித்திழுக்கும் பயிற்சி எதுவும் கூடாது. பாடுவதை அறவே நிறுத்தவும் வேண்டியதில்லை. மேலே கூறிய முதல் நான்கு பயிற்சிகளை மென்மையாகச் செய்யட்டும். எந்தச் சில சுரங்கள் அன்றைக்கு எளிதாக வருகின்றனவோ அவற்றுக்குள் பாடட்டும், ஓதட்டும். வீட்டில் எவரும் அவன் குரலைக் கேலி செய்ய வேண்டாம். பரிசு வாங்கித் தந்த சிறுவனின் குரல் போய்விட்டது என்று வருந்தும் வாப்பாவுக்கு ஒன்று சொல்லுங்கள்: போனது திரும்பாது, வரப்போவதைத்தான் காக்க வேண்டும். அவசரப்பட்டு அந்தப் புதுக் குரலைப் புண்ணாக்கிவிட்டால், நாளை தொழுகை நடத்தவும், தன் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கவும் அவனுக்குத் தேவைப்படும் குரலே கம்மிப்போகும். ஓரிரு ஆண்டுப் பொறுமை ஐம்பது ஆண்டுக் குரலைக் காப்பாற்றும்.

தொண்டைக்கு நல்லது எது?

சுக்கு, அதிமதுரம், பனங்கற்கண்டு, மிளகுப்பால் என்று நம் வீடுகளில் கைவைத்தியம் பல உண்டு. அவை தொண்டைக்கு இதமளிக்கலாம். ஆயினும் ஓர் உண்மையை மறக்கலாகாது. நாம் விழுங்கும் எதுவும் குரல் நாண்களைத் தொடுவதில்லை, தொட்டால் புரையேறிவிடும்! உணவு செல்லும் வழி வேறு. மூச்சு செல்லும் வழி வேறு. நாண்களுக்கு வேண்டிய ஈரம் உடல் முழுதும் போதிய நீர் இருந்தால்தான் உள்ளிருந்து கிடைக்கும். எனவே மேடையேறும் நேரத்தில் ஒரு குவளை நீர் குடிப்பதைவிட, நாள் முழுதும் சிறிது சிறிதாகக் குடித்து வருவதே பயன் தரும். வெந்நீராவி பிடித்தலும் நன்று. சிறுவர்களுக்குப் பெரியவர்கள் அருகிருந்து பிடிக்கச் செய்ய வேண்டும்.

ரமளானில் பகல் முழுதும் நோன்பிருந்து இரவில் தராவீஹ் தொழுவிக்கும் ஹாபிழ்கள் இதைக் கட்டாயம் நினைவிற்கொள்ள வேண்டும். நோன்பு திறந்தது முதல் ஸஹர் வரை இடைவிட்டு நீர் அருந்துங்கள். நள்ளிரவில் வயிறு நிறையக் காரமும் கொழுப்பும் உண்டு உடனே படுப்பதைத் தவிருங்கள். வயிற்றின் அமிலம் மேலேறி, உறக்கத்தில் குரல்வளையைப் புண்ணாக்கும். காலையில் கரகரப்போடு எழுவோர் பலருக்கு மூலகாரணம் தொண்டையில் இல்லை, இரவுச் சாப்பாட்டில் இருக்கிறது!

அடிக்கடி தொண்டையைச் செருமும் பழக்கத்தை விடுங்கள். ஒவ்வொரு செருமலும் நாண்களை ஒன்றோடொன்று அறையும். அதற்குப் பதிலாக ஒரு மிடறு நீர் விழுங்குங்கள். குரல் கம்மியபோது கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு ஆகாது. இறுக்கிக் கிசுகிசுப்பதைவிட மௌனமே ஓய்வு. புதினா மிட்டாயால் வலியை மரத்துப்போகச் செய்துவிட்டுப் பாடுவது ஆபத்து. வலி ஓர் எச்சரிக்கை. எச்சரிக்கும் காவலாளியைத் தூங்கவைத்துவிட்டு வீட்டைத் திறந்துபோடலாமா? பீடி, சிகரெட்டைப் பற்றித் தனியே சொல்லவும் வேண்டுமோ!

தாய்மார்களே! அடுக்களையிலிருந்து வாசலில் விளையாடும் பிள்ளையைக் கூவியழைப்பதும் குரலுக்குச் செலவுதான். பத்தடி நடந்து சென்று அழைத்தால் உங்கள் குரலுக்கும் நல்லது, பிள்ளையும் உரத்துக் கத்தக் கற்றுக்கொள்ள மாட்டான்.

மருத்துவரை நாடுவது எப்போது?

சளி பிடித்தால் குரல் கம்முவது இயல்பு. சில நாட்களில் சரியாகும். ஆனால் கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும். புகைபிடிப்பவர்கள் இதில் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. கத்தும்போதோ பாடும்போதோ திடீரென்று குரல் அறுந்துபோனால் உடனே வாயை மூடி மௌனம் காத்து, விரைந்து மருத்துவரைப் பார்க்க வேண்டும்; நாணில் இரத்தம் கசிந்திருக்கக்கூடும். விழுங்கும்போது வலி, மூச்சில் தடை, இருமலில் இரத்தம் ஆகியவையும் காத்திருக்கத் தக்கவையல்ல. குரல் நாண் முடிச்சு என்று மருத்துவர் சொன்னாலும் கலங்க வேண்டாம். கத்தி வைப்பதற்கு முன் குரல் பயிற்சி வல்லுநரிடம் பழகியே பலருக்கு அது குணமாகிறது.

பாட்டைக் குரலுக்குப் பொருத்துங்கள்

இறுதியாக, எல்லாப் பயிற்சிகளினும் எளிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் பிள்ளைக்கு இரண்டு கட்டையில் பாட்டின் உச்சி எட்டவில்லையா? ஒன்றரைக் கட்டையில் பாடச் சொல்லுங்கள். அதுவும் எட்டவில்லையா? ஒரு கட்டைக்கு இறக்குங்கள். பாட்டு குறைந்துவிடாது, கருத்தும் மாறிவிடாது. கேட்போரில் ஒருவரும் கட்டையை அளந்து பார்க்கப்போவதில்லை. இடறலின்றி, தெளிவாக, நெஞ்சிலிருந்து வருகிறதா என்பதைத்தான் கேட்பார்கள். சத்தம் போதவில்லை என்றால் அதற்குத்தான் ஒலிபெருக்கி இருக்கிறதே! அந்தப் பணியை ஒரு பாலகனின் தொண்டைமீது ஏன் சுமத்த வேண்டும்?

பாங்கின் வாசகங்களைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) அவர்கள். ஆயினும் பெருமானார் (ஸல்) அவர்கள், பிலால் (ரலி) அவர்களின் குரலே அப்பணிக்கு மிக ஏற்றதென்று கூறி, அவ்வாசகங்களை அவருக்குச் சொல்லிக்கொடுக்குமாறு பணித்தார்கள். கனவு கண்டவரைப் பார்த்து, 'பிலாலைப் போல் குரலெழுப்பு' என்று எவரும் வருத்தவில்லை. எந்தப் பணிக்கு எந்தக் குரல் பொருந்துமோ அந்தக் குரல் அழைக்கப்பட்டது. நம் இல்லங்களிலும் அவ்வாறே இருக்கட்டும். உயர்ந்த குரல் பெற்ற பிள்ளை உயரத்தில் பாடட்டும்; தாழ்ந்த குரல் பெற்ற பிள்ளை தாழ்விலே இனிமை காணட்டும்.

நமக்குத் தரப்பட்ட ஒவ்வொன்றும் அமானிதமே. பொருளை அமானிதம் என்கிறோம். பிள்ளையை அமானிதம் என்கிறோம். அந்தப் பிள்ளையின் தொண்டைக்குள் இருக்கும் இரண்டு சிறு மடிப்புகளும் அமானிதம்தான். வல்ல இறைவன் நம் மக்களின் குரல்களை நலமாகவும் வளமாகவும் காத்தருள்வானாக! ஆமீன்.